ஒற்றைக்கொம்பும் காலும்

2014 ஜூன் மாதம், மழை இறங்கிய முதல் வாரம். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு பழைய மிளகுப் பண்டகசாலையின் மாடியில் உட்கார்ந்து, ஒன்றுமே எழுதாத கறுப்புத் திரையை நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். நூறு ஜிபிக்கு மேல் படங்கள் உள்ளே இருந்தன. அத்தனையையும் படித்து முடிக்க நேரமாகும், நடுவில் தொந்தரவு செய்யக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீழே இறங்கி ஒரு சுலைமானி குடித்துவிட்டு வந்தேன். திரை அப்படியே இருந்தது.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். பண்டகசாலை ஒரு குஜராத்திக் குடும்பத்துக்குச் சொந்தம். மூன்று தலைமுறையாக மிளகு, சுக்கு, கொப்பரை வியாபாரம். அப்போதிருந்த பெரியவர் வியாபாரத்தை நிறுத்திவிட்டார். கட்டடத்தைத் தங்கும் விடுதியாக்க ஆள் வந்து அளந்துவிட்டுப் போயிருந்தது. அதற்கு முன் அலமாரியில் இருந்த நாள்வழிகளையும் பேரேடுகளையும் படமெடுத்து வைத்துவிட வேண்டும் என்று வெளிநாட்டிலிருக்கும் மகள் பிடிவாதம் பிடித்தார். சில புத்தகங்கள் குஜராத்தியில், சில மலையாளத்தில். ஒரு அலமாரி நிறையத் தமிழில்.

மட்டாஞ்சேரியில் இது அதிசயமில்லை. யூதத் தெருவிலிருந்து கூவினால் கேட்கும் தூரத்தில் கொங்கணியும் கச்சி மொழியும் குஜராத்தியும் தமிழும் பேசும் வீடுகள் இருக்கின்றன. அந்தத் தமிழ்ப் பேரேடுகளை எழுதியவர்களில் கடைசி ஆள் உயிரோடிருந்தார். வயது 76. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். 1958இல் கணக்கெழுத உட்கார்ந்தவர். ஊரே அவரைக் கணக்கப்பிள்ளை என்றது, நான் அண்ணாச்சி என்றேன். எந்தப் புத்தகம் எந்தச் சரக்கு, எந்த ஊர்க் கணக்கு என்று சொல்ல அவர் தினமும் காலையில் வந்துவிடுவார். அவர் சொல்வதை அப்படியே கோப்புப் பெயராக வைத்தேன்: மிளகு ஆலப்புழை 1959, கொப்பரை கொச்சி 1961, இப்படி. தமிழ் எழுத்திலேயே வைத்தேன். அண்ணாச்சி திரையில் படித்துப் பார்க்க வேண்டுமே.

இயந்திரங்கள் மூன்று. ஸ்கேனரோடு ஒட்டிக்கொண்டிருந்த ஐமேக், என் மடியில் உபுண்டு, மாடி மூலையில் படங்களைச் சேமிக்க ஃப்ரீபிஎஸ்டி ஓடும் ஒரு பெட்டி. மூன்றும் யூனிக்ஸ் வம்சம்தான். படங்கள் ஐமேக்கில் பிறந்து, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஏறி, என் மடிக்கணினி வழியாகப் பெட்டிக்குப் போக வேண்டும். வழியில் எதுவும் கெடவில்லை என்று காட்ட ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் எடுத்திருந்தேன். கோப்பின் எல்லா பைட்டுகளையும் ஒரு கணக்கில் ஓட்டினால் கடைசியில் ஒரு சின்ன எண் வரும். இங்கே வந்த எண்ணும் அங்கே வந்த எண்ணும் ஒன்றானால் சரக்கு சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

அண்ணாச்சிக்கு இதை விளக்கியபோது அவர் சாதாரணமாக, “கூட்டுத் தொகைதானே தம்பி” என்றார். பக்கத்தின் அடியில் கூட்டு போடுவது, அடுத்த பக்கத்தின் தலையில் அதையே எழுதுவது, இரண்டும் இடித்தால் திரும்பப் பார்ப்பது. அவர் ஐம்பது வருடம் செய்த வேலை அது. ஒரு சூத்திரமும் சொன்னார்: “வித்தியாசம் ஒம்போதால வகுபட்டா, எவனோ எண்ணை முன்னபின்ன மாத்திப் போட்டிருக்கான்னு அர்த்தம்.” 54ஐ 45 என்று எழுதினால் வித்தியாசம் 9. 81ஐ 18 என்று எழுதினால் 63. சரிதான்.

அவர் சொன்னது எனக்குப் பழைய வலி ஒன்றைக் கிளறியது. யூனிக்ஸில் ‘சம்’ என்று ஒரு கட்டளை உண்டு, மிகப் பழையது. சிஸ்டம் ஃபைவ் கிளையில் வந்த ‘சம்’, பைட்டுகளை வெறுமனே கூட்டும். 54ஐ 45 ஆக்கினாலும் அதற்குத் தெரியாது, கூட்டு ஒன்றுதானே. பெர்க்லி கிளையில் வந்த ‘சம்’, ஒவ்வொரு பைட்டைக் கூட்டுவதற்கு முன்பும் இதுவரை வந்த தொகையை ஒரு பிட் வலப்பக்கம் சுழற்றிவிடும். அதனால் வரிசை மாறினால் எண்ணும் மாறும். ஒன்று கோப்பின் அளவை 512 பைட் கட்டுகளாகச் சொல்லும், மற்றது 1024 பைட் கட்டுகளாக. பெயர் மட்டும் இரண்டுக்கும் ‘சம்’. கோவையில் படிக்கும்போது கல்லூரியில் ஒரு சோலாரிஸ் இயந்திரம் இருந்தது. அங்கே ‘சம்’ போட்டுக் குறித்துக்கொண்ட எண், வீட்டு லினக்ஸில் வந்த எண்ணோடு ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. நெட்வொர்க் கேபிளைச் சந்தேகப்பட்டேன், சிடியைச் சந்தேகப்பட்டேன், சிடி எழுதிக்கொடுத்த நண்பனையும் சந்தேகப்பட்டேன். சோலாரிஸின் ‘சம்’ சிஸ்டம் ஃபைவ் முறை, லினக்ஸின் ‘சம்’ பெர்க்லி முறை என்பது தெரிவதற்குள் ஒரு பருவத் தேர்வே முடிந்துவிட்டது. குனூ ‘சம்’மில் மைனஸ் எஸ் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் போசிக்ஸ் தரக்குழு ‘சிகேசம்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 32 பிட் சிஆர்சி. எங்கே போட்டாலும் ஒரே எண். ஆனால் ஜிப் கோப்புகள் பயன்படுத்தும் 32 பிட் சிஆர்சியோடு அது ஒத்துப்போகாது. பிட்டுகளைப் படிக்கும் திசை வேறு, கடைசியில் கோப்பின் நீளத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். பஞ்சாயத்துக்கு வந்த பெரியவர் தானும் ஒரு கட்சி ஆரம்பித்த கதை.

ஒரே ஒரு எண்ணை வைத்துச் சரக்கை நம்புவது மட்டாஞ்சேரிக்குப் புதிதில்லை. மிளகு வாங்குகிறவர் ஒரு லிட்டர் பாத்திரத்தில் மிளகைக் கொட்டி, தலை தட்டி, எடை போடுவார். லிட்டருக்கு 500 கிராம், 550 கிராம் என்று அதற்குப் பேர். பொக்கு மிளகு கலந்திருந்தால் எடை இறங்கும். மூட்டை மூட்டையாகப் பிரித்துப் பார்க்க வேண்டாம், ஒரு எண் போதும். யூதத் தெருவில் 1957இல் தொடங்கிய மிளகு வர்த்தகச் சங்கத்தின் கூடத்தில் ஆட்கள் கூவிக் கூவி மிளகைப் பார்க்காமலேயே வாங்கி விற்றதெல்லாம் அந்த எண்களையும் தரப் பெயர்களையும் நம்பித்தான். ஆனால் எடை தேறிய சரக்கெல்லாம் நல்ல சரக்கு என்று சொல்ல முடியாது. 2012 கடைசியில் கொச்சிக் கிடங்குகளில் ஆயிரக்கணக்கான டன் மிளகை உணவுப் பாதுகாப்புத் துறை முத்திரையிட்டது. மிளகு பளபளக்கக் கனிம எண்ணெய் பூசியிருந்தார்கள் என்பது புகார். லிட்டர் எடையில் எண்ணெய் எங்கே தெரியும்? நான் போன சமயத்தில் பஜார் ரோட்டில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

ரோனால்ட் ரிவெஸ்டின் எம்டி5 என்ற செக்சம் முறைக்கும் இதுதான் நடந்தது. 1992இல் வெளியான அந்த முறையைப் பன்னிரண்டு வருடம் உலகம் நம்பியது. 2004இல் சீனாவின் ஷியாவோயுன் வாங் குழு ஒரே எம்டி5 எண் வரும் இரண்டு வேறு வேறு தரவுகளைச் செய்து காட்டியது. அடுத்து நின்ற ஷா1ஐ 2017இல் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வகமும் கூகுளும் சேர்ந்து கவிழ்த்தன. ஆம்ஸ்டர்டாம் என்றதும் மட்டாஞ்சேரிக்காரருக்கு டச்சுக் கொட்டாரம்தான் நினைவுக்கு வரும். அதையும் 1555இல் கட்டியவர்கள் போர்த்துக்கீசியர். 1663இல் டச்சுக்காரர் பழுதுபார்த்தார்கள், பெயர் அவர்களுக்குப் போய்விட்டது.

நான் எடுத்தது ஷா256. அதற்கு ஆபத்தில்லை. தொல்லை வந்தது கட்டளைகளால்.

லினக்ஸில் ‘ஷா256சம்’ என்றால் போதும். முதலில் 64 எழுத்து எண், பிறகு இரண்டு இடைவெளி, பிறகு கோப்பின் பெயர். அன்றைய மேக்கில் அந்தக் கட்டளையே கிடையாது. ‘ஷாசம்’ என்று பெர்ல் மொழியில் எழுதிய ஒன்று இருந்தது. அதில் 256 என்று நாம் சொல்லாவிட்டால் அது பாட்டுக்கு ஷா1 போட்டுக் கொடுத்துவிடும். முதல் நாள் முழுக்க அப்படித்தான் எடுத்து வைத்திருந்தேன், எழுத்துகளை எண்ணிப் பார்த்தபோது 40 தான் இருந்தது. ஃப்ரீபிஎஸ்டியில் கட்டளை வெறும் ‘ஷா256’. அது எழுதும் வரியே வேறு மாதிரி: முதலில் முறையின் பெயர், அடைப்புக்குறிக்குள் கோப்பு, ஒரு சமக்குறி, கடைசியில் எண். ஏஐஎக்ஸில் ‘சிசம்’, சோலாரிஸில் ‘டைஜஸ்ட்’. அந்த டைஜஸ்ட் ஒரே ஒரு கோப்பைக் கொடுத்தால் எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமலிருக்கும். எண் எல்லாவற்றிலும் ஒன்றுதான். எழுதும் விதம் மட்டும் வீட்டுக்கு வீடு மாறும்.

இப்போது அந்தக் கறுப்புத் திரைக்கு வருகிறேன். லினக்ஸில் மைனஸ் சி என்றால், ‘இந்தப் பட்டியலை வைத்துக் கோப்புகளைச் சரிபார்’ என்று பொருள். பழக்க தோஷத்தில் ஃப்ரீபிஎஸ்டி பெட்டியிலும் மைனஸ் சி போட்டுப் பட்டியலின் பெயரைக் கொடுத்தேன். அந்த ஊரில் மைனஸ் சிக்குப் பொருள் வேறு: ‘இதோ தருகிற எண்ணோடு ஒப்பிடு’. என் பட்டியலின் பெயரை அது எண் என்று எடுத்துக்கொண்டது. ஒப்பிடக் கோப்பு எங்கே? நான் தரவில்லை. சரி, விசைப்பலகையில் அடிப்பான் போலிருக்கிறது என்று மரியாதையாகக் காத்திருந்தது. நானும் காத்திருந்தேன். கடைசியில் பொறுமையிழந்து கன்ட்ரோல் டி அடித்ததும் ஒரு எண்ணைக் கக்கியது. இ3பி0சி442 என்று தொடங்கும் எண். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது பழகிய முகம், ஒன்றுமே இல்லாத காலிக் கோப்பின் ஷா256. நாற்பது நிமிடம் நான் கொடுத்த ஒன்றுமில்லாததைச் சுத்தமாகக் கணக்கிட்டுத் தந்திருந்தது.

பிற்பாடு ஃப்ரீபிஎஸ்டியும் லினக்ஸ் பெயர்களையும் லினக்ஸ் மைனஸ் சியையும் ஏற்றுக்கொண்டது. புண்ணியம். அன்றைக்கு எனக்கு அது இல்லை. பெட்டியின் வட்டை என் உபுண்டுவில் இணைத்து, அங்கிருந்து சரிபார்க்க ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் திரையின் கடைசியில் இரண்டு எச்சரிக்கைகள். 311 கோப்புகளைப் படிக்க முடியவில்லை என்றது ஒன்று. அதற்குக் கீழே இன்னொரு வரி. 311ஐப் பார்த்த பதற்றத்தில் இரண்டாவது வரியில் என் கண் நிற்கவில்லை.

மொத்தம் 4,186 படங்கள். அதில் 311 ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்று வந்தது. ஆனால் கோப்பு அங்கேதான் இருந்தது. பெயரைப் பார்க்கிறேன், பட்டியலைப் பார்க்கிறேன், எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ஐமேக்கில் இதே பட்டியலைச் சரிபார்த்தால் அந்த 311உம் சரி என்கிறது. இங்கே இல்லை என்கிறது. உதவிக்கு இருந்த பையன், “சேட்டா, டிஸ்க் போயி” என்று தீர்ப்பே சொல்லிவிட்டான்.

அண்ணாச்சிக்கு இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று தெரியும். ஒருவர் படிக்க வேண்டும், ஒருவர் குறிக்க வேண்டும். அச்சடித்த தாளை அவரிடம் கொடுத்தேன், அவர் படிக்கப் படிக்க நான் திரையில் குறித்தேன். கொப்பரை கொச்சி. கொப்பரை கோட்டயம். மிளகு கோழிக்கோடு. சுக்கு கொடுங்கல்லூர். மிளகு பொன்னானி. கொப்பரை, கொப்பரை, கொப்பரை. இருபது வரி தாண்டியதும் நிறுத்திவிட்டார்.

“மிளகு ஆலப்புழை இல்லையா இதுல?”

“இல்ல அண்ணாச்சி, அது சரியா இருக்கு.”

“ஏலம்?”

“அதுவும் சரி.”

“மட்டாஞ்சேரி சில்லறை?”

“சரி.”

கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு தாளை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தார். “கொப்பரை மட்டும் எப்படிப்பா கெடும். இதுல எல்லாம் கொம்பும் காலும் போட்ட எழுத்தால்லா இருக்கு” என்றார். எனக்குத் துப்புக் கொடுப்பதாக அவர் நினைக்கவில்லை. கணினி கொப்பரையில் ஏதோ ஓரவஞ்சனை செய்வதாகத்தான் அவருக்குக் கோபம்.

ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால். ஒன்றாம் வகுப்பில் சிலேட்டில் படித்ததோடு மறந்துபோன பெயர்கள். யூனிகோடில் ‘கொ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ‘க’வுக்குப் பிறகு ‘ஒ’கரக் குறி என்று ஒரே குறியாகப் போடலாம், அது ஆறு பைட். அல்லது ‘க’, ஒற்றைக்கொம்பு, கால் என்று பிரித்துப் போடலாம், அது ஒன்பது பைட். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமம். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. மட்டாஞ்சேரியின் ‘சே’யில் கொம்பு மட்டும்தான், கால் இல்லை, பிரிக்க எதுவுமில்லை. அதனால் ஊர் தப்பியது, கொச்சி மாட்டிக்கொண்டது.

அந்தக் கால ஐமேக்கின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை, எந்தப் பெயரைக் கொடுத்தாலும் பிரித்துத்தான் வைத்துக்கொள்ளும். தேடும்போது எந்த வடிவில் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடும். என் பட்டியல் ஐமேக்கில் பிறந்தது, அதில் பெயர்கள் பிரிந்த வடிவில் இருந்தன. படங்கள் வெளி டிஸ்க்கில் ஏறி இறங்கியபோது பெயர்கள் சேர்ந்த வடிவுக்கு மாறியிருந்தன. லினக்ஸும் ஃப்ரீபிஎஸ்டியும் இந்த நுணுக்கமெல்லாம் பார்க்காது, பைட்டுக்கு பைட் ஒத்துப்போனால்தான் அதே பெயர். படத்தின் உள்ளே ஒரு பிட் கூட மாறியிருக்காது. படத்தைத் திறந்து எண்ணைக் கணக்கிடுகிற இடத்துக்கே ஷா256சம் போகவில்லை, வாசற்படியிலேயே பெயர் சரியில்லை என்று திரும்பிவிட்டது. பையன் மலையாளத்தில் பெயர் வைத்த கோப்புகளிலும் இதே கொச்சி இதேபோல விழுந்திருந்தது. மலையாள ஒகரமும் கொம்பும் காலும்தானே.

பைத்தானில் நாலு வரி எழுதிப் பட்டியலின் பெயர்களைச் சேர்ந்த வடிவுக்கு மாற்றினேன். மறுபடி ஓட்டினேன். 311உம் சரியாகிவிட்டது. சாயங்காலம் பையனுக்கும் அண்ணாச்சிக்கும் பழம்பொரி வாங்கிக்கொண்டு வந்தேன். அண்ணாச்சிக்குச் சர்க்கரை, அவர் பாதி தின்றார்.

அப்போதுதான் அந்த இரண்டாவது எச்சரிக்கையைப் பார்த்தேன். ‘1 செக்சம் பொருந்தவில்லை.’ காலையிலும் அது அங்கேயே இருந்திருக்கிறது.

அந்த ஒன்று உண்மையான வேறுபாடு. கோப்பு, மிளகு ஆலப்புழை 1961இல் ஒரு பக்கம். படம் திறந்தது, பார்க்க நன்றாகவே இருந்தது. ஐமேக்கிலும் எண் மாறித்தான் இருந்தது, ஆக வழியில் கெடவில்லை. விசாரித்ததில் பையன் ஒப்புக்கொண்டான். பக்கம் தலைகீழாக இருந்தது, பிரிவ்யூவில் திறந்து திருப்பினான். “சேவ் செய்திட்டில்ல சேட்டா” என்று சத்தியம் செய்தான். அவன் சொன்னதும் பொய்யில்லை. அந்த மென்பொருள் கேட்காமலே தானாகச் சேமித்துவிடும் காலம் அது.

எட்டு வருடம் கழித்து, 2022இல், இதே மட்டாஞ்சேரியில் ஒரு சாயாக் கடையில் முன்பின் தெரியாத இருவர் ‘ஹாஷ் வேல்யூ’ பற்றிச் சண்டை போடுவதைக் கேட்டேன். 2017இல் கொச்சியில் ஒரு நடிகைக்கு இழைக்கப்பட்ட கொடுமை வழக்கில், நீதிமன்றக் காவலில் இருந்த மெமரி கார்டின் ஹாஷ் மதிப்பு மாறியிருந்தது என்ற செய்தி அப்போது கேரளம் முழுக்கப் பேச்சு. கார்டு முழுவதற்கும் எடுக்கும் எண் வேறு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் எடுக்கும் எண் வேறு. எழுதவிடாமல் தடுக்கும் கருவி இல்லாமல் கார்டை ஒரு கணினியில் செருகினாலே கணினி எதையாவது எழுதிவிடலாம், கார்டின் எண் மாறிவிடும். படம் அப்படியே இருக்கலாம். ஆனால் யார் செருகினார்கள், எதற்கு என்பதுதான் அங்கே கேள்வி. அந்தச் சாயாக் கடையில் எண்ணைப் பற்றித்தான் சண்டை நடந்தது, அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் படிவத்தில் ஷா1, ஷா256, எம்டி5 என்று கட்டம் கட்டமாகப் போட்டு டிக் அடிக்கச் சொல்கிறார்கள். எம்டி5க்கும் ஒரு கட்டம்.

எங்கள் பக்கத்துக்கு அத்தனை பெரிய விசாரணை தேவைப்படவில்லை. திருப்பிய படத்தை மறுபடி திருப்பி வைத்தாலும் பழைய எண் வராது, படக் கோப்பை பிரிவ்யூ மறுபடி எழுதியிருக்கும். புதிய எண்ணைப் பட்டியலில் ஏற்றிவிடலாம் என்று நான் நினைத்தேன். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. “எண் மாறிச்சுன்னா புஸ்தகத்தைப் பாரு. கூட்டைத் திருத்தக் கூடாது.”

1961 பேரேட்டை அலமாரியிலிருந்து எடுத்தோம். அட்டையில் கரையான் ஓரம் தின்றிருந்தது, உள்ளே எழுத்து கறுப்பாக அப்படியே. அவர் புத்தகத்தைப் பார்த்துப் படித்தார், நான் திரையைப் பார்த்து, “சரி... சரி...” என்றேன். தேதி, மூட்டை, எடை, ரூபாய், அணா போய் நயா பைசா. ஜன்னலுக்கு வெளியே மழை. கீழே யாரோ சுக்கு மூட்டையை இழுத்துப் போடும் சத்தம். முப்பத்தோரு வரி, எல்லாம் சரி. அடியில் கூட்டு. அதையும் படித்தார், திரையிலும் அதேதான்.

புத்தகத்தை மூடப் போனவர் நிறுத்தினார். விரலை மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறக்கி, உதடு அசையக் கூட்டினார். மறுபடி மேலே போனார். மறுபடி இறங்கினார்.

“எவ்வளவு அண்ணாச்சி?”

“பதினெட்டு ரூபா இடிக்குது.”

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு எழுத்தை இன்னும் கிட்டத்தில் பார்த்தார். 1961இல் அந்த நாற்காலியில் இருந்தது அவர் ஒருவர்தான்.

“இது என் கையெழுத்து இல்ல தம்பி” என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, பையன் பக்கம் திரும்பி, மலையாளத்தில் அதையே இன்னொரு தடவை சொன்னார்.